தி யகூசா (1974): ப்ளூரேயில் பார்த்தபோது

ஒரே வாரத்தில் இரண்டு முறை பார்த்துவிட்டேன். சிட்னி பொல்லாக் இயக்கிய படம். யகூசா என்பது ஜப்பானிய நிழலுலகக் கும்பல். நண்பனின் கடத்தப்பட்ட மகளை மீட்க ஜப்பானுக்குத் திரும்பும் முன்னாள் துப்பறிவாளராக ராபர்ட் மிட்சம். அவர் தேடிப்போவது கென் தகாகுராவை. தகாகுராவுக்கு இவரைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் மறுக்க முடியாது. காரணம் 'கிரி'. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்க ஆக்கிரமிப்பு நாட்களில் இந்த அமெரிக்கர் அவருடைய வீட்டுப் பெண்ணையும் குழந்தையையும் காப்பாற்றியவர். நம் செஞ்சோற்றுக்கடனுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய சொல் அது. பேசாமலே அந்தப் பாரத்தை முகத்தில் சுமக்கிறார் தகாகுரா. அதற்காகவே வட்டை வாங்கலாம்.

ரிட்லி ஸ்காட்டின் பிளாக் ரெயினிலும் (1989) அவர் உண்டு. நியான் வெளிச்சமும் புகையுமாக ஒசாகா அதில் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் மைக்கேல் டக்ளஸின் நியூயார்க் போலீஸ்காரர் போகிற இடமெல்லாம் முட்டிமோதுகிறார். ஊரே அவருக்கு வெறும் பின்னணி. தி யகூசாவிலோ வந்தவர்தான் கற்றுக்கொள்கிறார்.

குறையும் உண்டு. ஜப்பானிய வழக்கங்களை வசனத்தில் விளக்கிக்கொண்டே இருக்கிறார்கள். விமான நிலையத்தில் மிட்சமும் தகாகுராவும் குனிந்து வணங்கும் கடைசிக் காட்சிக்கு மட்டும் எந்த விளக்கமும் இல்லை. அங்கே நான் அழுதேன்.