கேட்பதா, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதா?

அரசு சேவைக்கு இணையதளம் கட்டுகிறவர்கள் மக்களின் தேவையை அறிய முதலில் எடுப்பது கருத்துக் கணிப்பைத்தான். செலவு குறைவு, ஒரே வாரத்தில் பல நூறு பேரிடம் கேட்டுவிடலாம். ஆனால் கேள்வித்தாள் பெரும்பாலும் படிவத்தை முடித்த பிறகுதான் வரும். பாதியில் திணறி வெளியேறியவர் அதைப் பார்ப்பதே இல்லை. நமக்குத் தெரிய வேண்டியதோ அவருடைய சிக்கல்தான்.

தளத்தின் பயன்பாட்டுப் பதிவுகள் இந்த விஷயத்தில் மேல். எந்தப் பக்கத்தில் ஆட்கள் கழன்றுகொள்கிறார்கள் என்று காட்டிவிடும். ஏன் என்று மட்டும் சொல்லாது.

அப்புறம், மாற்றுத்திறனாளிகளுக்குத் தளத்தில் இருக்கும் தடைகளைத் தேடும் தானியங்கிச் சோதனைக் கருவிகள். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு போதுமான அளவு (குறைந்தது 4.5:1) இருக்கிறதா என்பதை அவற்றிடம் தாராளமாக விடலாம். அதைத் தாண்டி நம்பக் கூடாது. பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு 2017இல் வேண்டுமென்றே 140க்கும் மேற்பட்ட தடைகளை வைத்து ஒரு பக்கம் செய்து கருவிகளைச் சோதித்தது. இருந்ததிலேயே நல்ல கருவிகூடப் பாதியைப் பிடிக்கவில்லை. படத்தில் இருப்பதை எழுத்தில் சொல்லும் மாற்று உரை இருக்கிறதா என்று கருவி பார்க்கும். அந்த உரை பார்வையற்றவருக்கு உதவுகிறதா என்பது அதற்குத் தெரியாது.

நான் காசு போடச் சொல்வது பயனருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதில். எண் மட்டும் ஏற்கும் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நிரல் விதிப்படி குற்றமே இல்லை. ஆனால் எண்ணை அடித்துவிட்டு, பக்கத்தைக் கீழே நகர்த்த மவுஸ் சக்கரத்தை உருட்டினால் சில பிரவுசர்களில் பெட்டிக்குள் இருக்கும் எண்ணே மாறிவிடும். போட்டவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. பிரிட்டன் குழு 2020இல் தன் வடிவமைப்பில் அந்தப் பெட்டியையே கைவிட்டு, எண் விசைப்பலகை வரும் சாதாரண எழுத்துப் பெட்டிக்கு மாறியது. ஓடிபி நேரக் கணக்கும் இப்படித்தான். மீதி நொடிகளைத் திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைப் பார்வையற்றவருக்குப் படித்துச் சொல்லும் மென்பொருள்) ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தால், எண்ணை எங்கே அடிப்பது என்பதே காதில் விழாது. கண்ணால் பார்த்துச் சோதிக்கிறவருக்கு இது தட்டுப்படாது.

ஐந்தாறு பேரைப் பார்த்து எத்தனை பேருக்கு இந்தச் சிக்கல் என்று கணக்கிட முடியாது, உண்மைதான். அதற்குப் பதிவுகள் இருக்கின்றன. ஆட்கள் அதிகம் விலகும் பக்கத்தை அதில் கண்டுபிடித்து, அந்த ஒரு பக்கத்தை மட்டும் நேரில் பார்த்தாலே செலவு குறையும். கூப்பிடும் ஐந்தாறு பேரில் திரைவாசிப்பானோடு வேலை செய்பவர் ஒருவர், மவுஸ் பிடிக்க முடியாமல் விசைப்பலகையிலேயே நகர்பவர் ஒருவர், பழைய சின்ன போன் வைத்திருப்பவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அவர்கள் நேரத்துக்குப் பணமும் கொடுங்கள்.