அரசு சைட்டில் இருக்கும் லிங்க்தானே என்று பணம் கட்டாதீர்கள்

"ஜிஓவி.இன் பக்கத்திலிருந்துதானே போனேன், அது எப்படிப் போலியாகும்?" பணத்தை விட்டவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கிளம்பிய இடம் ஜிஓவி.இன். போய்ச் சேர்ந்த இடம் வேறு.

அரசு அலுவலகப் பக்கங்களில் 'பயனுள்ள இணைப்புகள்' என்றொரு பட்டியல் கிடக்கும். யாரோ எப்போதோ போட்டது, பிறகு ஒருவரும் தொட்டிருக்க மாட்டார்கள். அதில் உள்ள ஒரு டிரஸ்ட் தன் டாட் ஆர்க் முகவரியைப் புதுப்பிக்க மறந்துவிட்டது என்று வையுங்கள். காலாவதியான பிறகு புதுப்பிக்கச் சலுகைக் காலம் அதிகபட்சம் 45 நாள், கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள், கடைசியாக நீக்கத்துக்குக் காத்திருக்கும் 5 நாள். அதுவும் போனால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். வாங்குகிறவனுக்குக் குறி அந்தப் பெயர் மேல் இல்லை, அரசுப் பக்கத்திலிருந்து அதற்கு வரும் லிங்க் மேல்தான். பழைய முகப்பை, இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினிலிருந்து எடுத்து ஒட்டிவிடுவான். லோகோ அதேதான், குழந்தைகள் படமும் அதேதான். 'நன்கொடை' பட்டனுக்குப் பின்னால் உள்ள யூபிஐ ஐடி மட்டும் மாறியிருக்கும்.

இணைய முகவரிகளின் பதிவு விவரம் காட்டும் ஐகேன் லுக்கப் பக்கத்தில் முகவரியைத் தட்டினால் பதிவான தேதி வரும். இருபது வருஷ டிரஸ்ட்டுக்குப் போன வருஷத்துத் தேதி காட்டினால் உஷாராகுங்கள். நீக்கப்படும் முன்பே ஏலத்தில் கைமாறியிருந்தால் பழைய தேதியே நிற்கும் என்பதால் இதை மட்டும் நம்பவும் முடியாது. யூபிஐ பின் நம்பர் போடும் முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். டிரஸ்ட் பெயருக்குப் பதில் தனி ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

சைட்டைப் பராமரிப்பவர்களுக்கு வேறொரு வலை உண்டு. "உங்கள் பக்கத்தில் ஒரு லிங்க் உடைந்திருக்கிறது, என் மாணவிதான் கவனித்தாள், பதிலுக்கு இதைப் போடலாமே" என்று தேன் ஒழுக ஒரு மெயில் வரும். உடைந்தது நிஜம்தான். பதிலுக்கு நீட்டுவது கடன் தரகர் பக்கமாக இருக்கலாம், மாணவி கற்பனையாக இருக்கலாம். பழையதை நீக்குங்கள், அவர்கள் தருவதைப் போடாதீர்கள். காசு வாங்கிப் போட்ட லிங்க் என்றால், அது காசுக்குப் போட்டது என்று தேடுபொறிக்குச் சொல்ல 2019-ல் கூகுள் கொண்டுவந்த 'ஸ்பான்சர்ட்' குறியையோ, பழைய 'நோஃபாலோ' குறியையோ லிங்க்கின் கோடில் சேர்க்க வேண்டும் என்கிறது கூகுள். வெளி சைட்டுக்குப் போகிறீர்கள் என்று அரசு சைட் சொல்ல வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டு விதி. அப்படி வரும் அறிவிப்புப் பெட்டியைப் படிக்காமலே ஓகே தட்டுகிறோம், அது வேறு கதை.

பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். லிங்க் இருந்த பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த சைட்டிலேயே 'வெப் இன்ஃபர்மேஷன் மேனேஜர்' என்று போட்டிருக்கும் மெயிலுக்கு, எந்தப் பக்கம், எத்தனையாவது லிங்க் என்று குறிப்பிட்டு அனுப்புங்கள்.