முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பெரியவர்களைச் சேர்க்க இருப்போர் கவனத்திற்கு

பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க, பெற்றோர் மட்டும் ஊரில் தங்கிவிட்ட குடும்பங்கள் காவிரி டெல்டாவில் ஏராளம். படுத்த படுக்கையாகிவிட்டவர்களை மாதக் கட்டணத்துக்குப் பராமரிக்கும் இல்லங்களுக்கு இங்கே தேவை இருப்பதற்குக் காரணம் இதுதான். தஞ்சாவூர் மாவட்டத்தில் உள்ள அப்படியோர் இல்லத்தில் எங்கள் அத்தைக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் இல்லத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. அங்கே எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால், வேறு பெயரில் இயங்கும் இடத்தையும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

அத்தை ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. பக்கவாதத்தில் இடது கையும் காலும் செயலிழந்துவிட்டன. சர்க்கரைக்கு இன்சுலின் போட்டாக வேண்டும். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போதே, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அதையே நாங்கள் இல்லத்தின் நிர்வாகியிடம் சொன்னோம். "இருபத்து நாலு மணி நேரமும் நர்ஸ் இருக்காங்க சார், எங்க அம்மா மாதிரி பாத்துக்குவோம்" என்றார் அவர். முன்பணத்துடன், காற்று மெத்தை ஒன்றும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அங்கே பார்வைக்கு எதுவும் குறைவில்லை. வாசலில் பிள்ளையார், வழவழப்பான தரை, சுவர் முழுக்கச் சட்டமிட்ட சான்றிதழ்கள். அந்தச் சான்றிதழ்களில் ஒன்று அறக்கட்டளைப் பதிவு, மற்றொன்று நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி சான்று, இன்னொன்று சமையலறைக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவு. மூன்றும் உண்மையானவைதான், ஆனால் முதியோரைப் பராமரிக்க அந்த இடத்துக்குத் தகுதி உண்டு என்று அவற்றில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. முதியோர் இல்லம் என்றால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். மருத்துவச் சிகிச்சையும் தருகிறோம் என்று சொல்லிக் கட்டணம் வாங்கினால், 1997 ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநரிடமும் பதிவு வேண்டும். இந்தப் பதிவுகளைக் கேட்டபோது, "ரினியூவலுக்குப் போயிருக்கு" என்றே கடைசிவரை பதில் வந்தது.

பார்வையாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும்தான் அனுமதி. நாங்கள் போகும்போதெல்லாம் அத்தை குளித்து, பவுடர் பூசி, நெற்றியில் விபூதியுடன் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். துபாயில் இருக்கும் அத்தானுக்கு நாள்தோறும் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். அந்தப் படங்களை ஒருநாள் வரிசையாகப் பார்த்த அத்தான்தான் முதலில் சந்தேகப்பட்டார்: பின்னால் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர் எல்லாப் படங்களிலும் ஒரே தேதியைக் காட்டியது. யாரோ தாளைக் கிழிக்க மறந்திருக்கலாம் என்று பார்த்தால், புடவையும் அதே புடவை, தலையணை உறையின் மடிப்பும் அதே மடிப்பு. ஒரே நாளில் எடுத்து வைத்துக்கொண்ட படங்களை நாளுக்கு ஒன்றாக அனுப்பியிருக்கிறார்கள்.

முன்னறிவிப்பின்றி ஒரு வேலை நாளில் நானும் மனைவியும் போனோம். வாசலில் அரை மணி நேரம் காக்க வைத்தார்கள். உள்ளே போனதும், உடை மாற்றுவதைத் தானே செய்வதாக என் மனைவி பிடிவாதமாகச் சொல்லி அத்தையைப் புரட்டியபோது, முதுகின் அடியில் வால் எலும்புக்கு மேலே உள்ளங்கை அளவுக்குக் குழிந்த புண் இருந்தது. காற்று மெத்தையின் மோட்டார் இயங்கவில்லை. அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் கைபேசிக்குச் சார்ஜ் போட்டிருந்தார்கள். நிர்வாகி, "சுகர் பேஷண்டுன்னா இப்படித்தான் சார் ஆகும்" என்றார்.

இந்தப் பதிலை யாரும் ஏற்க வேண்டியதில்லை. சர்க்கரை நோய் இருந்தால் புண் ஆறத் தாமதமாகும் என்பது உண்மைதான். ஆனால் புண் தோன்றுவது, ஒரே இடத்தில் மணிக்கணக்காக அழுத்தம் விழுந்து இரத்த ஓட்டம் தடைபடுவதால். அது நான்கு நிலைகளாக முற்றும். முதல் நிலையில் தோல் கிழிந்திருக்காது. சிவந்திருக்கும், அழுத்தினால் வெளுக்காது. நம்முடைய நிறத்தில் அந்தச் சிவப்பு கண்ணுக்கு எளிதில் தெரியாது என்பதால், சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். நான்காம் நிலையில் தசையும் எலும்பும் தெரியும். அத்தையின் புண் மூன்றாம் நிலையைத் தாண்டிக்கொண்டிருக்கிறது என்று அரசு மருத்துவமனையில் சொன்னார்கள். அந்த அளவுக்கு வரும்வரை, தினமும் குளிப்பாட்டியவர்கள் கண்ணில் அது படவில்லை என்பதை நம்ப முடியாது.

புரட்டிப் படுக்க வைத்ததற்கான பதிவேட்டைக் கேட்டேன். மாதம் முழுவதும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. நாங்கள் நின்றுகொண்டிருந்தது பிற்பகலில். அன்றைய மாலை 6 மணி, இரவு 8 மணி, 10 மணிக் கட்டங்களில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. கைபேசியில் படமெடுத்தபோது பதிவேட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். படம் எங்களிடம் இருக்கிறது. நர்ஸ் என்று அறிமுகப்படுத்தப்பட்ட பெண் மாலையிலேயே வீட்டுக்குப் போய்விடுவார் என்பதும் அவரிடம் செவிலியர் பதிவு எண் இல்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. "ராத்திரியில ரெண்டு மாடிக்கும் நான் ஒருத்திதான்யா" என்று வெளியே வந்து சொன்ன ஆயாம்மாவின் மீது எனக்குக் கோபமில்லை. அத்தனை பேரை இரண்டு மணிக்கு ஒருமுறை ஒருவர் புரட்டுவது நடக்கக்கூடிய காரியமே அல்ல.

அத்தையை அன்றே அழைத்து வந்துவிட்டோம். முன்பணம் திரும்ப வரவில்லை. மாறாக, டயப்பர், கையுறை, "சிறப்புக் கவனிப்பு" ஆகியவற்றோடு, அவர்களால் வந்த புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டியதற்கும் தனிக் கட்டணம் போட்டு ஒரு பில் வந்தது.

இல்லம் தேடுவோர், பகலில் காட்டப்படுவதை விட்டுவிட்டு, இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர் என்று கேளுங்கள். அதை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். நர்ஸ் என்று சொல்லப்படுபவரின் தமிழ்நாடு செவிலியர் குழுமப் பதிவு எண்ணைக் கேளுங்கள். எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாம் என்று சொல்லாத இடத்தில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதுகிறார்களா என்று பாருங்கள். ஒரே மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால், ஊட்டுவதற்கு யாரும் நேரம் செலவிடவில்லையோ என்றும் சந்தேகிக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது டெல்டாவின் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. காற்று மெத்தையும் இன்சுலின் வைக்கும் குளிர்பெட்டியும் மின்சாரத்தை நம்பியவை என்பதால், ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இரவில் கிரில் கதவைப் பூட்டிச் சாவியை யார் வைத்திருக்கிறார் என்பதையும் கேளுங்கள். 2004 இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மாவட்டத்தில் இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்கள் முதலில் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட சமூக நல அலுவலரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதே மனுவைக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு கிடைக்கும். பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. ஆனால் பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். "முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்று அச்சடித்த தாளில் கையெழுத்திட்டிருந்தாலும் பின்வாங்க வேண்டாம். 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற ஒப்பந்தம் என்று அதையே எதிர்த்து மாநில ஆணையத்துக்குப் போகலாம்.

அத்தை இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியர் வந்து புண்ணைப் பார்த்துவிட்டுப் போகிறார். மெல்ல ஆறி வருகிறது. நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். அதோடு இணைத்தவை கட்டண ரசீதுகள், அந்தப் பதிவேட்டின் படம், ஒரே தேதியுள்ள வாட்ஸ்அப் படங்கள், புண்ணின் அளவைக் குறிப்பிட்ட அரசு மருத்துவமனைச் சீட்டு ஆகியவை. உங்களிடமும் இவை இருந்தால் அசலைக் கையில் வைத்துக்கொண்டு நகலை மட்டும் கொடுங்கள்.