விடுதி, கடை நடத்துபவர்கள் கவனத்திற்கு: நெட்வொர்க் பாதுகாப்பு என்று பில் போட்டு ஏமாற்றுகிறார்கள்

கன்னியாகுமரி, நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் தொழில் நடத்திக்கொண்டு, கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலையை வெளியாளிடம் கொடுத்திருப்பவர்கள் இதை அவசியம் படியுங்கள்.

கன்னியாகுமரியில் உள்ள எங்கள் விடுதிக்கு நாகர்கோவில்காரர் ஒருவர் கேபிள் இழுத்து, மேனேஜ்டு ஸ்விட்ச் வைத்துத் தந்தார். எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் பெட்டிதான் ஸ்விட்ச்; மேனேஜ்டு என்றால், எது எப்படி இயங்க வேண்டும் என்று நாம் அமைத்துக்கொள்ளக்கூடியது. சாதாரண ஸ்விட்சைவிட இதற்கு விலை அதிகம். "பாதுகாப்பு வசதியெல்லாம் இதில்தான் உண்டு, அண்ணாச்சி" என்றார். அந்த வசதிகளை அமைத்துத் தந்த வகைக்கென்று பில்லில் தனித் தொகையும் போட்டு வாங்கிக்கொண்டார்.

கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் வந்து குவிகிற நேரம், ஒரு மாலை வரவேற்பறை கம்ப்யூட்டர், கார்டு இயந்திரம், முன்பதிவு எல்லாம் அடுத்தடுத்து நின்றுபோயின. குழந்தைகளோடு வந்தவர்களைக் காக்க வைத்து நோட்டில் எழுத வேண்டியதாயிற்று. அவரைக் கேட்டால், இன்டர்நெட் கம்பெனியின் கோளாறு என்றார். கம்பெனி ஆட்கள் வந்து லைன் நன்றாக இருப்பதைக் காட்டிவிட்டுப் போனார்கள். உடனே நாகர்கோவில்காரர், வெளியிலிருந்து வரும் தாக்குதலைத் தடுக்கும் ஃபயர்வால் கருவியை வாங்கச் சொல்லிப் புதிய கொட்டேஷன் அனுப்பினார். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

திருவனந்தபுரத்தில் நெட்வொர்க் பொறியாளராக இருக்கும் அக்கா மகனை வரவழைத்தேன். அவன் தேடிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. மாடி அறையில் தங்கிய விருந்தினர் ஒருவர், தன் வீட்டாரின் செல்போன்களுக்காகச் சிறிய ரவுட்டர் ஒன்றைச் சுவரில் உள்ள நெட்வொர்க் போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) இணைத்திருந்தார். ரவுட்டரின் இன்டர்நெட் துளையில் செருக வேண்டிய கேபிளைப் பக்கத்துத் துளையில் செருகிவிட்டார். அவ்வளவுதான், அந்த ரவுட்டர் எங்கள் கம்ப்யூட்டர்களுக்கும் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் தரப்படும் எண், கொடுக்க ஆரம்பித்துவிட்டது. முகவரி கேட்கும் கம்ப்யூட்டர், கொடுப்பவர் யார் என்று பார்ப்பதில்லை. பொதுவாக முதலில் வந்த பதிலையே எடுத்துக்கொள்ளும். தவறான முகவரியை வாங்கியதால்தான் எங்கள் கம்ப்யூட்டர்கள் அடுத்தடுத்து நின்றன. வந்தவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. இப்படி முகவரி கொடுக்கும் முறைக்கு டிஹெச்சிபி என்று பெயர்; தவறான கருவி முகவரி கொடுப்பதைத் தடுக்கத்தான் ஸ்விட்சில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் என்ற வசதி இருக்கிறது. நம்பகமானது என்று நாம் குறித்த போர்ட்டிலிருந்து வரும் பதிலை மட்டும் ஸ்விட்ச் விடும், மற்றதைத் தள்ளிவிடும்.

மருமகன் ஸ்விட்சைத் திறந்தான். பயனர் பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின். "மாமா, பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியதோடு சரி. ஒன்றையும் தொடவில்லை" என்றான். ஸ்னூப்பிங், ஒரு போர்ட்டில் எந்தக் கருவி இணையலாம் என்று கட்டுப்படுத்தும் போர்ட் செக்யூரிட்டி, பொய்யான ஏஆர்பி பதிலைத் தடுக்கும் ஏஆர்பி இன்ஸ்பெக்ஷன் எதுவும் இயக்கப்படவில்லை. எந்த ஐபி முகவரி எந்தக் கருவிக்கு உரியது என்று கருவிகள் கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறைதான் ஏஆர்பி. விருந்தினர் அறை, பில் போடும் கம்ப்யூட்டர், கேமரா எல்லாம் ஒரே விலேனில், அதாவது ஸ்விட்சுக்குள் பிரித்து வைக்கும் ஒரே நெட்வொர்க் பகுதியில், கிடந்தன. கெட்ட எண்ணத்தோடு ஒருவன் அறை எடுத்திருந்தால், ஏஆர்பியில் பொய்ப் பதில் அனுப்பி எங்கள் கம்ப்யூட்டர்களின் போக்குவரத்தைத் தன் லேப்டாப் வழியாகத் திருப்பியிருக்கலாம். நம்மை நம்பித் தங்குகிறவர்களின் விவரங்கள் அதில்தான் போகின்றன. இதை நினைத்தால் இப்போதும் மனம் கொதிக்கிறது.

அறைகளைத் தனி விலேனாகப் பிரித்து, தேவையான வசதிகளை இயக்கி, பயன்படாத போர்ட்டுகளை மூடி, கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டான். கடைசியில் சேமித்தான், பல ஸ்விட்சுகளில் சேமிக்காமல் விட்டால், கரண்ட் போய் வந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

வேலை முடிந்தது என்று யாராவது பணம் கேட்டால், அவர் கண்ணெதிரே ஒரு பழைய ரவுட்டரை அதே தவறான துளை வழியாக அறைப் போர்ட்டில் செருகிப் பாருங்கள். வரவேற்பறை கம்ப்யூட்டரை மறுபடி இயக்கியும் வேலை நிற்காமல் நடந்தால் பணம் கொடுங்கள். ஸ்விட்சின் கடவுச்சொல்லையும் அதில் செய்த அமைப்புகளின் நகலையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் பணத்தைத் திருப்பித் தர அவர் மறுத்துவிட்டார். இப்போது தொலைபேசியையும் எடுப்பதில்லை. பில்லையும் ஸ்விட்ச் திரையின் படங்களையும் வக்கீலிடம் கொடுத்திருக்கிறேன்.