பெட்டியில் 1 மில்லி விநாடி, திரையில் கறுப்பு வால்: பிஎஸ்5-க்கு எந்த மானிட்டர்?

அக்கா மகனுக்கு மானிட்டர் வாங்க சிங்கப்பூரின் மின்னணுக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேர் போயிருந்தோம். ஈசூனில் நான்கறை வீடு. கூடத்து டிவி மாலையானால் பாட்டியின் நாடகத்துக்குப் போய்விடும், அதனால் பிஎஸ்5 இனி அவன் அறையில். கையில் 500 வெள்ளி. இரண்டு கடை ஏறி இறங்கியதும் கேட்டான்: "மாமா, இதுலயும் 1 எம்எஸ், அதுலயும் 1 எம்எஸ். அப்புறம் ஏன் விலை மட்டும் இவ்வளவு வித்தியாசம்?"

நல்ல கேள்வி. பெட்டியில் போட்டிருக்கும் அந்த 1, ஒரு பிக்சல் ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொரு சாம்பலுக்கு மாறும் நேரம். எந்தச் சாம்பலிலிருந்து எந்தச் சாம்பலுக்கு என்று பெட்டி சொல்லாது. மிக வேகமான மாற்றத்தை, பிக்சலை விரட்டி நிறம் மாற்றும் ஓவர்டிரைவ் என்ற அமைப்பை உச்சத்தில் வைத்து அளந்த எண்ணாக அது இருக்கலாம். எம்பிஆர்டி என்று போட்டிருந்தால் அது வேறு கணக்கு. பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டு எடுத்தது. அப்போது வெளிச்சம் குறையும், பல மானிட்டர்களில் விஆர்ஆரும் (ஆட்டத்தின் ஃபிரேம் வேகத்துக்கு ஏற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி) கூடவே வேலை செய்யாது.

கன்சோலுக்கு என்ன வேண்டும் என்று பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டுமே 120 ஹெர்ட்ஸுக்கு மேல், அதாவது விநாடிக்கு 120 படத்துக்கு மேல், அனுப்பாது. அந்த வேகத்தில் ஒரு படம், அதாவது ஃபிரேம், திரையில் நிற்பது 8.3 மில்லி விநாடி, 60 ஹெர்ட்ஸில் 16.7. அந்த நேரத்துக்குள் எல்லா பிக்சலும் நிறம் மாறி முடிக்க வேண்டும், அவ்வளவுதான். 240 ஹெர்ட்ஸுக்குக் கூடுதல் காசு கொடுப்பது கணினியிலும் விளையாடுகிறவர்களுக்கு. எங்களுக்கு வேண்டாம்.

அவன் பட்ஜெட்டில் உண்மையான போட்டி விஏ, ஐபிஎஸ் என்ற இரண்டு பேனல்களுக்கு இடையில்தான். விஏ-வின் பலம் கறுப்பு. கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 3000-க்கு 1 அளவில் இருக்கும், ஐபிஎஸ்ஸில் சுமார் 1000-க்கு 1. கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எவருக்கும் விஏ-தான் பிடிக்கும். அவனும் அதைத்தான் கை காட்டினான்.

கன்சோலைப் பையில் எடுத்துப் போயிருந்தோம். கேட்டதும் கடைக்காரர் மாட்டிப் பார்க்க விட்டார். இரவுக் காட்சி ஒன்றைத் திறந்து கேமராவை மெதுவாகத் திருப்பினான். விஏ திரையில் விளக்குக் கம்பத்தின் ஓரத்திலிருந்து கறுப்பு வால் ஒன்று, மை இழுபட்ட மாதிரி, கூடவே வந்தது. விஏ-வின் தொல்லையே இதுதான். கறுப்பிலிருந்து அடர் சாம்பலுக்கு மாறுவது மற்ற மாற்றங்களைவிடப் பல மடங்கு மெதுவாக நடக்கும். பகல் வெளிச்சத்தில் ஓடும் கால்பந்து ஆட்டத்தில் இது தெரியவே தெரியாது. இருட்டில் பதுங்கிச் சுடும் ஆட்டத்தில் எதிரி அந்த வாலுக்குள்தான் இருப்பான்.

அதே காட்சியை ஐபிஎஸ்ஸில் போட்டோம். வால் இல்லை. ஆனால் இரவு கொஞ்சம் வெளிறிச் சாம்பலாகத் தெரிந்தது, கீழ் மூலையில் லேசான ஒளிக்கசிவு. இரண்டில் எந்தக் குறையோடு குடித்தனம் நடத்தலாம் என்பதுதான் கேள்வி. வேகமான ஆட்டங்களுக்கு என் ஓட்டு ஐபிஎஸ்ஸுக்கே. கதை சொல்லும் ஆட்டங்களை இரவில் விளக்கணைத்து நிதானமாக விளையாடுகிறவராக இருந்தால் நானே விஏ வாங்கச் சொல்வேன்.

ஓவர்டிரைவையும் அங்கேயே சோதித்துவிடுங்கள். மெனுவில் அதை உச்சத்தில் வைத்தபோது, ஓடும் ஆட்டக்காரரின் பின்னால் வெள்ளை ஒளிவட்டம் ஒன்று முளைத்தது. பல மானிட்டர்களில் அந்த அமைப்பை உச்ச ஹெர்ட்ஸுக்கு ஏற்றபடி செய்திருப்பார்கள். 60-ல் ஓட்டினால் பிக்சல் இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். சண்டை விளையாட்டுகள் உட்பட கன்சோலில் பல ஆட்டங்கள் 60-ல்தான் ஓடுகின்றன. ஆகவே நடு அளவே சரி.

அடுத்தது கன்சோலை மானிட்டரோடு இணைக்கும் எச்டிஎம்ஐ. 2.0 துளை இருந்தால் 4கே-வுக்கு 60 ஹெர்ட்ஸ், அதைவிடக் கூர்மை குறைந்த 1440பி-க்கு 120 ஹெர்ட்ஸ். 4கே-வில் 120 வேண்டுமென்றால் 2.1. பெட்டியில் 2.1 என்று போட்டிருப்பது மட்டும் போதாது, எச்டிஎம்ஐ வழியாக 4கே 120 வருமா என்று விவரத்தாளில் பார்க்க வேண்டும். பிஎஸ்5-ல் 1440பி வந்ததே 2022 செப்டம்பரில்தான், அதற்கு முந்தைய அறிவுரைகளை நம்ப வேண்டாம். விஆர்ஆர் விஷயத்திலும் பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் வித்தியாசம் உண்டு. ஏஎம்டி நிறுவனத்தின் விஆர்ஆர் முறையான ஃபிரீசிங்க் மட்டும் உள்ள மானிட்டரை எக்ஸ்பாக்ஸ் ஏற்கும், பிஎஸ்5 ஏற்காது. அதற்கு எச்டிஎம்ஐ 2.1 வழி விஆர்ஆர்தான் வேண்டும். நின்டெண்டோ ஸ்விட்ச் 2, டிவியோடு இணைக்கும் டாக்கில் இருக்கும்போது 4கே 60 அல்லது 1440பி 120 தரும், டிவியில் விஆர்ஆர் கிடையாது.

4கே-வா 1440பி-யா? 27 அங்குலத் திரை, மேசைக்கு முன்னால் நாற்காலி. வேகத்துக்கான பர்ஃபார்மன்ஸ் மோடில் பல ஆட்டங்கள் உள்ளுக்குள் 4கே-வுக்குக் குறைவாகத்தான் வரைகின்றன. அதனால் 1440பி-யில் பெரிதாக எதையும் இழக்கவில்லை. அதே மானிட்டரில் பள்ளிப் பாடமும் எழுத்து வேலையும் நடக்குமென்றால் 4கே-வின் கூர்மைக்குக் காசு தகும்.

ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓலெட்டையும் பார்த்தோம், பார்க்காமல் எப்படி வருவது? பெட்டியில் 0.03 மில்லி விநாடி. இந்த எண்ணை நம்பலாம், வாலும் இல்லை, வட்டமும் இல்லை, கறுப்பு முழுக் கறுப்பு. ஆனால் அவன் அறை மேற்குப் பார்த்தது. நாலு மணி வெயில் நேராக உள்ளே வரும். பளபளப்பான கியூடி ஓலெட் வகைத் திரையில் வெளிச்சம் பட்டால் அந்தக் கறுப்பே ஊதா கலந்த சாம்பலாகிவிடும். கால்பந்து ஆட்டத்தின் ஸ்கோர் பலகை தினமும் மணிக்கணக்காக ஒரே மூலையில் நிற்பதும் கவலைதான், அதன் உருவம் திரையில் அழியாத தழும்பாக விழலாம். சில நிறுவனங்கள் அதற்கும் 3 ஆண்டு உத்தரவாதம் தருகின்றன, வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் 500 வெள்ளிக்கு ஓலெட் எட்டவும் இல்லை.

இங்கே 2012 செப்டம்பர் முதல், கோளாறான பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் இருக்கிறது. 6 மாதத்துக்குள் தெரியும் கோளாறு, வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். ஆனால் விஏ-வின் வால் கோளாறு அல்ல, அந்தப் பேனலின் குணம். அதைக் காட்டித் திருப்பிக் கொடுப்பது கடினம். பையில் கன்சோலைத் தூக்கிப் போனது அதனால்தான்.

கடைசியில் 27 அங்குல ஐபிஎஸ், 1440பி, விஆர்ஆர் உள்ளது வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக பிஎஸ்5-ல் 'திரை, வீடியோ' பகுதியில் 120 ஹெர்ட்ஸைத் தானியங்கியில் வைத்து, ஃபோர்ட்நைட்டுக்குள் போய் 120 எஃப்பிஎஸ் மோடையும் தனியாகப் போட்டான். அதை மறந்தால் 60-லேயே ஓடிக்கொண்டிருக்கும். மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லை. கன்ட்ரோலரிலேயே ஹெட்ஃபோன் துளை இருப்பதால் சத்தம் கூடத்துக்குப் போவதில்லை, பாட்டியின் நாடகம் நிம்மதியாக ஓடுகிறது.