பெருவிரல் மூட்டு: எலும்பைச் சீவுவதா, மூட்டை இணைப்பதா?

கால் பெருவிரலின் அடிமூட்டு தேய்ந்து இறுகிப்போவதை டாக்டர்கள் ஹாலக்ஸ் ரிஜிடஸ் என்கிறார்கள். மாத்திரை, ஊசி, வளையாத அடிப்பாகம் கொண்ட ஷூ எதற்கும் வலி அடங்காவிட்டால், பெரும்பாலும் இரண்டு ஆபரேஷன்களில் ஒன்றுதான். மூட்டின் மேல்பக்கம் முளைத்த எலும்பைச் சீவி எடுப்பது கைலெக்டமி. பிளேட், ஸ்க்ரூ வைத்து இரண்டு எலும்பையும் ஒன்றாக ஒட்டவிடுவது ஃபியூஷன்.

ஆபரேஷனுக்கு அடுத்த வாரங்களில் இரண்டும் நேரெதிர். கைலெக்டமி செய்தவர் கெட்டியான செருப்பைப் போட்டுக்கொண்டு அன்றோ மறுநாளோ காலை ஊன்றலாம். இரண்டு வாரம் போலத் தையல் பிரிப்பார்கள். அதையொட்டியே பயிற்சியும் ஆரம்பம்: ஒரு கையால் பாதத்தை அழுத்திப் பிடித்து, மறுகையால் பெருவிரலை அடிக்கணுவுக்குப் பக்கத்தில் பற்றி மெல்ல மேலே வளைக்க வேண்டும், சில நொடி நிறுத்திவிட்டு விட வேண்டும். நுனியைப் பிடித்து இழுத்தால் நடுக்கணுதான் வளையும், அடிமூட்டு அப்படியே இருக்கும். வலிக்கத்தான் செய்யும். அதற்காக விட்டுவிட்டால் உள்ளே தழும்பு இறுகி, சீவியதற்கே பலன் குறைந்துவிடும்.

ஃபியூஷனில் விரலை அசைக்கவே கூடாது. ஆறு வாரம் போலக் குதிகாலில் மட்டும் எடை போட்டு நடக்கச் சொல்வார்கள். எலும்பு ஒட்டியது எக்ஸ்ரேயில் தெரிந்த பிறகே சாதாரண ஷூ. சிகரெட் பிடிப்பவர்களுக்கு எலும்பு ஒட்டாமலே போகும் ஆபத்து அதிகம். வீக்கம் இரண்டிலும் மாதக்கணக்கில் இருக்கும். மூன்றாம் மாதத்திலும் மாலையானால் ஷூ இறுக்குகிறதா, பயப்பட வேண்டாம்.

“விரல் மடங்காமலே போய்விடுமே” என்பதுதான் ஃபியூஷனுக்குப் பலர் சொல்லும் தயக்கம். முற்றிய நிலையில் அந்த விரல் ஏற்கெனவே மடங்குவதில்லை, வலி மட்டும்தான் மிச்சம். விரலைச் சற்று மேல்நோக்கி வைத்தே இணைப்பதால் நடை, சைக்கிள், மலையேற்றம் எல்லாம் முடியும். ஹை ஹீல்ஸ், விரலை மடக்கி ஊன்றும் தண்டால், தொழுகையில் வலது கால்விரல்களை மடக்கி அமர்வது ஆகியவை சிரமம்தான்.

கைலெக்டமி தேய்மானத்தை நிறுத்தாது. சிலருக்குப் பின்னால் ஃபியூஷன் தேவைப்படும். ஆனால் அந்த வழி திறந்தே இருக்கிறது. ஃபியூஷன் செய்தபின் சாதாரணமாகத் திரும்பிவர முடியாது. ஆகவே விரலை மேலே தூக்கும்போது, கடைசியில் மட்டும் வலித்தால் கைலெக்டமியைத்தான் முதலில் கேட்பேன். பாதி அசைவிலேயே உள்ளே அரைத்து வலித்தால் ஃபியூஷன்.

செயற்கை மூட்டு? அமெரிக்காவில் 2016இல் அனுமதி பெற்ற கார்ட்டிவா என்ற ஜெல் உள்வைப்பு, மறு ஆபரேஷன்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமானதால் 2024இல் திரும்பப் பெறப்பட்டது. இப்போதைக்கு அந்தப் பக்கம் போக மாட்டேன்.

வண்டி ஓட்டுபவர்கள் எந்தக் கால் என்று பார்க்க வேண்டும். வலது கால் என்றால், பிரேக்கை வலியில்லாமல் ஓங்கி மிதிக்க முடியும்வரை காரைத் தொடக்கூடாது. இடது கால் என்றால் பைக்கின் கியரை விரலால் மேலே தூக்குவது வெகுநாள் உறுத்தும். குதிகாலால் பின்பக்கம் மிதித்து மாற்றும் நீள லிவர் உள்ள பைக்கானால் அந்தத் தொல்லை இல்லை.