கல்யாணக் கார்டில் செய்த அணிப்பெட்டி: ஆறு வருடம் கழித்து

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆவணியும் தையும் வந்துவிட்டால் வாரத்துக்கு நாலு கல்யாணக் கார்டாவது வீட்டுக்கு வரும். நல்ல கனமான அட்டை. ஒரு பக்கம் முழுக்க வெறுமையாக இருக்கும். தூக்கிப் போட மனம் வராமல் சேர்த்து வைத்திருந்ததை 2019 ஜூனில் பள்ளி திறந்தபோது பாதி பாதியாக வெட்டி, ஒரு பக்கம் செய்யுள் எடுத்துக்காட்டு, மறுபக்கம் அதில் வரும் அணியின் (உவமை, உருவகம் மாதிரி பாட்டுக்கு அழகு சேர்ப்பது) பெயர் என்று எழுதி, பழைய பிஸ்கட் டின் ஒன்றில் போட்டுக்கொண்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன். தக்கலை பக்கத்துப் பள்ளி. நான் தமிழ் டீச்சர். அந்த டின்னைப் பற்றித்தான் இந்த அனுபவம். இன்றைக்கும் அது என் மேசையில் இருக்கிறது, மூடி மட்டும் வேறு.

முதல் வருடம் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தின் பொருளணியியல் 35 அணிகளைச் சொல்கிறது. ஆர்வக்கோளாறில் 35-க்கும் அட்டை எழுதினேன், ஒவ்வொன்றுக்கும் மூன்று. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வராததுதான் பாக்கி. ஓணம் லீவுக்குள் பத்துப் பன்னிரண்டு அணிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நூல் கட்டி அலமாரியில் போட்டேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

பெயர் மனப்பாடம் ஆவதற்கு இந்தப் பெட்டியை மிஞ்ச ஒன்றுமில்லை. மதிய மணிக்கு முன்னால் பத்து நிமிடம், வரிசைக்கு வரிசை போட்டி, அவ்வளவுதான். இரண்டே வாரத்தில் நிரல்நிறையும் தீவகமும் வாயில் புரள ஆரம்பித்துவிட்டன. காலாண்டுத் தேர்வில் அணி கேள்விக்கு யாரும் இடம் விட்டு வைக்கவில்லை. எனக்கும் பெருமைதான்.

அந்தப் பெருமை அரையாண்டு வரைக்கும் நின்றது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது வரும் அடி எல்லாருக்கும் தெரிந்ததுதான்: ‘போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ‘உவமை அணி’ என்று எழுதியிருந்தார்கள். நன்றாகப் படிக்கிற பையனைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்டேன். ‘போல் இருக்குல்லா டீச்சர், உருபு வந்திருக்கு’ என்றான். அவன் மேல் என்ன குற்றம்? நன்னூல் சொல்லும் பன்னிரண்டு உவம உருபையும் போல, புரைய, ஒப்ப, உறழ என்று பாட்டாகச் சொல்ல வைத்தது நான்தானே. என் அட்டை அவனுக்கு உருபு தேடக் கற்றுக்கொடுத்திருக்கிறது, பாட்டைப் படிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை.

மறுநாள் பெட்டியைத் திறக்காமல் பிள்ளைகளை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்துக் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏற்றியிருந்தார்கள். காற்றும் இருந்தது. ‘அது என்ன சொல்லுது?’ என்றேன். ‘வா வான்னு கூப்பிடுது’ என்றாள் ஒருத்தி. ‘கடை போட்டிருக்கு, வாங்கன்னு’ என்றான் இன்னொருவன். அப்புறம், கோவலனுக்கு மதுரையில் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்த ஒருவர் இதே கொடியைப் பார்த்தால் என்ன கேட்கும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. முதலில் ‘வா’ என்று சொன்ன அதே பிள்ளை உள்ளங்கையை வெளிப்பக்கம் திருப்பி அசைத்துக் காட்டினாள். மறித்துக் கை காட்ட. காற்றில் ஆடுவது கொடியின் இயல்பு, வரவேண்டாம் என்பது புலவர் ஏற்றியது. தற்குறிப்பேற்றம் என்ற அந்த நீளமான பெயரைப் பிறகுதான் சொன்னேன். அந்த வகுப்பில் அதற்கப்புறம் அந்த அடியில் யாரும் தப்பு விடவில்லை.

அன்றைக்கு ராத்திரி எல்லா அட்டையிலும் பெயர் இருந்த பக்கத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தேன்: ‘இதை எடுத்துவிட்டால் என்ன போகும்?’ விதியும் மாறியது. பெயர் சொன்னால் அரை மதிப்பெண், என்ன போகும் என்று சொன்னால் முழு மதிப்பெண். ஸ்டாப்வாட்சையும் நிறுத்திவிட்டேன். அது இருந்தவரைக்கும் எப்போதும் அதே நாலு பேர்தான் ஜெயித்தார்கள்.

ஏகதேச உருவகம் தனிக்கதை. களியக்காவிளை பக்கமிருந்து வந்த, வீட்டில் மலையாளம் பேசுகிற ஒரு பையன் விடைத்தாளில் ‘ஏறக்குறைய உருவகம் மாதிரி இருப்பது’ என்று விளக்கம் எழுதியிருந்தான். சிரித்துவிட்டுத்தான் யோசித்தேன். மலையாளத்தில் ஏகதேசம் என்றால் ஏறக்குறைய என்றுதானே பொருள். அவன் தெரிந்த சொல்லை வைத்துத் தெரியாத சொல்லைத் திறக்கப் பார்த்திருக்கிறான், படிக்கத் தெரிந்தவன் செய்கிற வேலைதான் அது. இங்கே அதற்கு ‘ஒரு பகுதி மட்டும்’ என்று பொருள் என்று சொல்லி, ‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்’ குறளை எடுத்தேன். பிறவி கடலாகிவிட்டது, சரி. இறைவன் அடி எதுவாக ஆனது? கடற்கரைப் பையன் ஒருவன், ‘வள்ளத்தைக் காணோமே டீச்சர்’ என்றான். அதுதான். கடலைக் கடக்கிற வள்ளத்தை, அதாவது படகை, சொல்லாமல் விட்டதால்தான் அது ஏகதேசம். அந்த அட்டையின் ஓரத்தில் ‘வள்ளம் எங்கே?’ என்று அவன் கையாலேயே எழுத வைத்தேன். பெயரை மறந்தவர்களுக்கும் அந்தக் கேள்வி நினைவிருக்கிறது.

கொரோனா வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அட்டைகளைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் போட்டேன். கட்டைவிரல் படம் வந்தது, விடை வரவில்லை. 2021 ஜனவரியில் பத்தாம் வகுப்புக்குப் பள்ளி திறந்தபோது டின்னுக்குள் பூசணம். கார்டில் இருந்த குங்குமமும் மஞ்சளும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன.

அதற்குப் பிறகு பெட்டியில் இரண்டாவது கட்டு ஒன்று சேர்ந்தது, பத்தி அட்டைகள். பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்டால் பிள்ளைகள் செய்வது ஒன்றே ஒன்று. கேள்வியில் இருக்கிற சொல் பத்தியில் எந்த வரியில் இருக்கிறது என்று பார்த்து, அந்த வரியை அப்படியே இறக்கிவிடுவார்கள். விடை எந்த வரியிலும் இல்லாத மாதிரி நானே நாலைந்து வரிப் பத்திகள் எழுதினேன். ஒன்றில், பின்மழையில் அப்பா தோட்டத்தில் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறார், அம்மா அரிசி டப்பாவைத் தட்டிப் பார்க்கிறாள். ‘அம்மா ஏன் டப்பாவைத் தட்டினாள்?’ இதுதான் கேள்வி. மலைப்பக்கமான குலசேகரத்துப் பிள்ளைகள் கையைத் தூக்கிவிட்டார்கள்: மழையென்றால் ரப்பர் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. கடற்கரையான குளச்சல் பக்கத்துப் பிள்ளைகள் ‘அம்மா அரிசி டப்பாவைத் தட்டிப் பார்க்கிறாள்’ என்று வரியைத் திருப்பி எழுதினார்கள்.

இதைக் கவனித்த பிறகு, எல்லா வள்ளமும் கரைக்கு வந்துவிட்டது, ஒன்றைத் தவிர, ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது என்று இன்னொன்று எழுதினேன். இந்தத் தடவை மலைப்பக்கம் முழித்தது, கடற்கரை உடனே சொன்னது. 2017 ஒக்கிப் புயலைக் கண்ட ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த விளக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. அன்றுமுதல் இருக்கையை மாற்றிவிட்டேன், கடற்கரைப் பிள்ளை ஒன்று, ரப்பர் தோட்டத்துப் பிள்ளை ஒன்று, ஒரே பெஞ்சில். ஒரு பிள்ளைக்குப் புரியாததைப் பக்கத்துப் பிள்ளை தன் வீட்டிலிருந்து எடுத்துத் தருகிறது. ஆறு வருடத்தில் இந்தப் பெட்டியால் நடந்த உருப்படியான காரியம் எது என்றால் இதைத்தான் சொல்வேன்.

நடுவில் ஒருமுறை கடையில் விற்கிற அச்சடித்த அணி அட்டைகளையும் வாங்கிப் பார்த்தேன். எந்தக் கம்பெனி என்பதெல்லாம் வேண்டாம். வழுவழுப்பான தாள், கலர் படம். ஆனால் எடுத்துக்காட்டு உவமை அணி என்ற அட்டையில் ‘போல’ வெளிப்படையாக வந்த குறளைப் போட்டிருந்தார்கள். உவம உருபு மறைந்து வரவேண்டிய இடமே அதுதான்! பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள். அந்த ஒரு அட்டையை மட்டும் ‘தப்பைக் கண்டுபிடி’ என்று வைத்துக்கொண்டேன், மற்றது தூக்கம்.

எங்கள் அட்டைகளில் பாதிக்குமேல் இப்போது பிள்ளைகள் எழுதியது. ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்’ குறளுக்கு மயிலிறகு ஏற்றிய வண்டியை இங்கே எவன் கண்டான்? ஒருத்தன் எங்கள் ஊர் மட்டி வாழைக்குலையை வைத்து எழுதினான்: ‘மட்டிக் குலைதானேன்னு ஏத்திக்கிட்டே போனா டெம்போவுக்க ஆக்சில் ஒடியும்.’ அச்சு என்ற சொல்லுக்கு உரையும் அதிலேயே கிடைத்துவிட்டது. சொல்ல வந்ததைச் சொல்லாமல் உவமானத்தை மட்டும் சொல்லிவிட்டு நின்றதால் பிறிது மொழிதலும் சுத்தம். புகழ்வதுபோல் இகழ்வதும் இகழ்வதுபோல் புகழ்வதுமான வஞ்சப்புகழ்ச்சி அட்டை மட்டும் வருடா வருடம் திருட்டுப் போகும். ‘எனக்க அம்மை தினமும் என்கிட்ட பேசுறது இந்த அணியிலயாக்கும்’ என்று ஒருத்தி சொன்னதிலிருந்து அதற்கு ஏக கிராக்கி.

குறைகளும் இருக்கின்றன. இரட்டுற மொழிதலுக்கு இந்த முறை சரிப்படவில்லை. ஒரே செய்யுளை இரண்டு விதமாகப் பிரிக்க அட்டையில் இடம் போதாது, கரும்பலகைதான் வேண்டும். வகுப்பில் நாற்பது பேருக்கு மேல் போனால் கடைசி பெஞ்சுக்கு அட்டை போய்ச் சேர்வதற்குள் மணி அடித்துவிடும். மார்ச் மாதம் பொதுத்தேர்வு நெருக்கத்தில் ‘என்ன போகும்’ கேள்விக்கெல்லாம் யாருக்கும் பொறுமை கிடையாது, எனக்கும்தான். அப்போது பழையபடி பெயர் சொல்லும் போட்டிதான். பாடலைக் கொடுத்துப் பின்வரும் வினாக்களுக்கு விடையளி என்ற பகுதியில் மட்டும் இந்தப் பிள்ளைகள் தடுமாறுவதில்லை என்பதைப் பார்த்திருக்கிறேன்.

செய்ய நினைப்பவர்களுக்கு: மினுமினுப்புப் பூசிய கார்டும் வெல்வெட் ஒட்டிய கார்டும் வேண்டாம், மை பிடிக்காது. லேமினேட் செய்தால் பிள்ளைகள் ஓரத்தில் எழுத முடியாது, அதனால் நான் பத்தி அட்டைகளை மட்டும் லேமினேட் செய்திருக்கிறேன். ரப்பர் பேண்ட் போடாதீர்கள், மழைக்காலத்தில் இளகி ஒட்டிக்கொள்ளும், நூல் போதும். டின்னுக்குள் இரண்டு கரித்துண்டைத் துணியில் முடிந்து போட்டு வையுங்கள். வஞ்சப்புகழ்ச்சி அட்டையில் கூடுதலாக நாலு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.